பி.எம்.பி. பரீட்சைக்குத் தயாராக திருகோணமலையில் ஓர் அறை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

செயற்றிட்ட முகாமைத்துவத்துக்கான பி.எம்.பி. சான்றிதழைச் சில வாரங்களிலேயே பெற்றுத் தருவதாக உறுதி கூறும் வகுப்பு விளம்பரங்கள் தங்கள் நாளிதழின் வார இறுதிப் பக்கங்களில் அண்மைக்காலமாக அடிக்கடி காணப்படுகின்றன. அவற்றை நடத்துவோர் எவரையும் சுட்டிக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆனால் அந்த விளம்பரங்களைக் கையில் எடுத்துக்கொண்டு, இதில் சேரலாமா என்று கேட்டு வரும் திருகோணமலை இளைஞர்களுக்கு, அதாவது அரச திணைக்களங்களின் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களுக்கும் தொண்டு நிறுவனங்களின் களப் பணியாளர்களுக்கும் ஒப்பந்த நிறுவனங்களின் தளப் பொறியியலாளர்களுக்கும், தனித்தனியே சொல்லிவருவதைப் பொதுவில் சொல்லிவிடலாம் என்று தோன்றியதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். இந்தப் பரீட்சைக்கு வேண்டிய அனுபவம் நம் மாவட்டத்தில் ஏராளமாக உண்டு. அதை வைத்துக் கூடிப் பேசிப் பயில ஓர் இடமும், அதை எழுத்தில் உறுதிசெய்து கொடுக்கும் வழக்கமுமே இங்கு இல்லை.

பரீட்சை எத்தகையது என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1969 இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பி.எம்.ஐ. என்னும் செயற்றிட்ட முகாமைத்துவ நிறுவகம் 1984 முதல் இச்சான்றிதழை வழங்கிவருகிறது. 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அமைப்பின்படி 230 நிமிடங்களில் 180 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். ஒரு வினாவுக்கு ஒன்றேகால் நிமிடத்துக்குச் சற்றே அதிகம் கிடைக்கும். அவற்றுள் 5 வினாக்கள் சோதனைக்காகச் சேர்க்கப்பட்டவை, அவற்றுக்குப் புள்ளி இல்லை; எவை அந்த ஐந்து என்பது தோற்றுபவருக்குத் தெரியாது. 42 வீதமான வினாக்கள் மனிதரை வழிநடத்துவது பற்றியும், 50 வீதமானவை செயன்முறைகள் பற்றியும், எஞ்சிய 8 வீதம் நிறுவனத்தின் சூழல் பற்றியும் அமையும். மொத்தத்தில் ஏறத்தாழப் பாதி, வேலையைச் சிறு பகுதிகளாகச் செய்து கருத்தறிந்து திருத்திச் செல்லும் அஜைல் முறையையோ, அதை முன்கூட்டியே திட்டமிடும் முறையோடு சேர்த்த கலப்பு முறையையோ சார்ந்திருக்கும். இந்த அமைப்பைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிறுவகம் மாற்றுவது வழக்கமாதலால், விண்ணப்பிக்கும் காலத்தில் நடைமுறையில் உள்ள பரீட்சை உள்ளடக்க விவரத்தை அதன் இணையத்தளத்திலிருந்து இலவசமாக இறக்கிப் படிப்பதே எவருக்கும் முதல் வேலையாக இருக்க வேண்டும். எத்தனை புள்ளி எடுத்தால் சித்தி என்பதையும் நிறுவகம் வெளியிடுவதில்லை. ஒவ்வொரு பகுதியிலும் இலக்குக்கு மேலா, இலக்கிலா, கீழா, மேலும் முன்னேற வேண்டுமா என்ற தரம் மட்டுமே பெறுபேற்றில் வரும். சித்திப் புள்ளியே வெளியிடப்படாத ஒரு பரீட்சைக்குச் சித்தி உறுதி என்று எப்படி விளம்பரம் கொடுக்க முடிகிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இனி, நம்மவர் பலர் தடுமாறும் இடத்துக்கு வருகிறேன். க.பொ.த. உயர்தரத்திலிருந்து நாம் பழகி வந்த படிப்பு முறை, வரைவிலக்கணத்தை அட்சரம் பிசகாமல் எழுதினால் புள்ளி தரும் முறை. இந்தப் பரீட்சையோ வரைவிலக்கணத்தை அநேகமாகக் கேட்பதேயில்லை. ஒரு நிலைமையைச் சொல்லி, முகாமையாளர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும். கொடுக்கப்படும் நான்கு விடைகளில் குறைந்தது இரண்டு நியாயமானவையாகவே தோன்றும். நம் கரையோரத்துக்கு ஏற்ப நானே ஓர் உதாரணத்தை அமைத்துச் சொல்கிறேன். கிண்ணியாப் பக்கம் மீன்பிடி இறங்குதுறை ஒன்று கட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அத்திவாரம் இடும் வேளையில், திட்டமிட்ட இடத்தில் துறை அமைந்தால் கரைவலை இழுக்க முடியாமற் போகும் என்று கடற்றொழிலாளர் சிலர் வந்து வேலையை மறிக்கிறார்கள். ஒப்பந்தகாரரோ, தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் இழப்பீடு கேட்பேன் என்கிறார். இப்போது முகாமையாளர் முதலில் செய்ய வேண்டியது யாது? பிரதேச செயலாளருக்கு எழுத்தில் அறிவிப்பதா, வரைபடத்தை மாற்றச் சொல்வதா, தொழிலாளரைச் சந்தித்து அவர்களுடைய தடையின் காரணத்தை அறிவதா, பொலிஸ் பாதுகாப்புக் கேட்பதா?

நம் அலுவலகங்களில் வளர்ந்த ஒருவருடைய கை, எந்தத் தயக்கமுமின்றி முதல் விடைக்கே போகும். மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கோவையில் பிரதி ஒன்றைப் போட்டுவிட்டால் நம் கடமை முடிந்தது என்பது நமக்குப் பழகிப்போன பாதுகாப்பு. பின்னொரு நாள் கணக்காய்வு வந்தால் காட்டுவதற்கும் அது உதவும். பரீட்சை எதிர்பார்க்கும் விடை அதுவன்று. காரணத்தை அறியாமல் மேலிடத்துக்குக் கொண்டு செல்வதையும், தாக்கத்தை மதிப்பிடாமல் திட்டத்தை மாற்றுவதையும் அது ஏற்பதில்லை. அக்கறையுடைய தரப்பினரை நேரே சந்தித்து, பிரச்சினை என்னவென்று அறிந்து, தன் அதிகாரத்துக்கு உட்பட்ட வழிகளைப் பார்த்த பின்னரே அடுத்த படி. எவருடைய அனுமதிக்காக எதைக் கொண்டுபோக வேண்டும் என்ற தெளிவு அதன் பின்னரே பிறக்கும். உண்மையில் நம் களப் பணியாளர்களில் கெட்டிக்காரர்கள் இப்படித்தான் வேலை செய்கிறார்கள். கிராம உத்தியோகத்தரையும் சங்கத் தலைவரையும் கூட்டிக்கொண்டு மாலையில் கரைக்குப் போய் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டு, மறுநாள் கோவைக்காக ஒரு கடிதமும் எழுதி வைப்பார்கள். பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்தவுடன் இவர்களே தாங்கள் செய்ததை மறந்து, கடிதத்தை விடையாகத் தெரிவுசெய்கிறார்கள். இந்தப் பழக்கத்தைத் தனியே புத்தகம் படித்து மாற்றுவது கடினம். எதிரே இருக்கும் ஒருவர், ஏன் அதைத் தெரிவுசெய்தீர்கள் என்று கேட்க வேண்டும். நாம் நியாயம் சொல்ல வேண்டும். அவர் மறுக்க வேண்டும். பரீட்சைக்குத் தமிழ்ப் பதிப்பு இல்லாததால் வினாவை ஆங்கிலத்தில் படித்தேயாக வேண்டும். ஆனால் இந்தத் தர்க்கத்தைத் தமிழில் நடத்த எந்தத் தடையுமில்லை. நம்மில் பலர் அப்படிப் பேசும்போதுதான் மனந்திறந்து பேசுகிறார்கள்.

மாற்றக் கோரிக்கை பற்றிய வினாக்களும் இவ்வாறே. உள்ளூர் அரசியல் பிரமுகர் ஒருவர் தளத்துக்கு வந்து, வீதியோடு இருபது மீற்றர் வடிகாலையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள் தம்பி என்று தோளில் தட்டிச் சொல்லிவிட்டுப் போவது நம் ஊரில் புதிய காட்சியன்று. மறுக்கவும் முடியாது, செய்தால் பணத்துக்கு எங்கே போவது என்றும் தெரியாது. முழுவதையும் முன்கூட்டியே திட்டமிட்ட முறையில் நடக்கும் வேலையென்றால், அந்த வேண்டுகோள் காலத்திலும் செலவிலும் தரத்திலும் ஏற்படுத்தும் தாக்கத்தை மதிப்பிட்டு, எழுத்தில் மாற்றக் கோரிக்கையாக்கி, முடிவெடுக்கும் அதிகாரமுள்ள குழுவின் முன் வைக்க வேண்டும் என்பது பரீட்சையின் நிலைப்பாடு. அதே வேண்டுகோள் அஜைல் முறையில் நடக்கும் வேலையில் வந்தால், உற்பத்திப் பொருளுக்கு உரித்தானவராக (புரொடக்ட் ஓனர்), எதை முதலில் செய்வது என்று முடிவெடுக்க நியமிக்கப்பட்டவர் அதை வேலைப் பட்டியலில் சேர்த்து, ஏனையவற்றோடு ஒப்பிட்டு முன்னுரிமை கொடுப்பார். ஆக, வினாவின் முதல் இரண்டு வரிகளில் இது எந்த முறையில் நடக்கும் வேலை என்பதைக் கண்டுபிடிப்பதே பாதி விடை.

அஜைல் என்றவுடன், அது கொழும்பு மென்பொருள் நிறுவனங்களின் சங்கதி, எங்களுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2001 இல் மென்பொருளாளர்கள் எழுதிய நான்கு விழுமியங்களிலிருந்தும் பன்னிரண்டு கோட்பாடுகளிலிருந்தும் அது பரவியது உண்மைதான். ஆனால் மூதூரிலோ குச்சவெளியிலோ வாழ்வாதாரத் திட்டம் நடத்திய ஒருவர், முதலில் சில குடும்பங்களுக்கு மட்டும் உதவியை வழங்கி, அவர்கள் சொல்லும் குறைகளைக் கேட்டு, அடுத்த தொகுதிக்கு முன் திட்டத்தைத் திருத்தியிருந்தால், அந்தச் சிந்தனையை அவர் ஏற்கெனவே அறிவார். அவர் படிக்க வேண்டியது அதன் ஒழுங்குகளையும் கூட்டங்களையும் பொறுப்புகளையும்தான்.

கணக்குப் பகுதியைப் பற்றி நம்மவர் அளவுக்கு மீறி அஞ்சுகிறார்கள். இப்போதைய பரீட்சையில் கணிப்பு வினாக்கள் குறைவு. திரையிலேயே கணிப்பான் இருக்கும். ஈட்டிய பெறுமதியை, அதாவது உண்மையில் முடிந்த வேலையின் பணப் பெறுமதியை, ஒரே ஓர் உதாரணத்தால் விளக்கிவிடலாம். ஒரு கோடி ரூபாய்க்கு ஒரு வீதி வேலை. இன்றைய திகதிக்கு 40 இலட்சத்துக்கான வேலை முடிந்திருக்க வேண்டும். முடிந்ததோ 30 இலட்சத்துக்கான வேலை. செலவானது 36 இலட்சம். முடிந்த வேலையின் பெறுமதியைச் செலவால் வகுத்தால் 0.83, திட்டமிட்டதால் வகுத்தால் 0.75. இரண்டும் ஒன்றுக்குக் கீழ் என்பதால் செலவும் மிஞ்சுகிறது, காலமும் பிந்துகிறது. இதே போக்கில் போனால் முழு வேலையும் ஒரு கோடியே 20 இலட்சத்தில்தான் முடியும். இவ்வளவுதான் விடயம். பிரிவுத் தலைவர்களிடம் மாதாந்த முன்னேற்ற அறிக்கை கொடுப்பவர்களுக்கு இது புதிதன்று. ஆனால் அந்த அறிக்கைகளில் செலவான தொகையையே முன்னேற்றமாகக் காட்டும் வழக்கம் ஒன்று நம்மிடையே உண்டு. பரீட்சைக்குப் படிப்பதால் அது மட்டும் ஒழிந்தாலும் மாவட்டத்துக்கு நன்மையே.

இடர்நேர்வு முகாமைத்துவத்துக்கும் நம் வானத்தைப் பார்த்தாலே போதும். வடகீழ்ப் பருவமழை ஒவ்வொரு ஆண்டும் நவம்பர் முதல் ஜனவரி வரை மண் வேலையை நிறுத்துகிறது. அப்படியிருந்தும் ஒவ்வொரு ஆண்டும் தாமதத்துக்கான காரணப் பத்தியில் எதிர்பாராத மழை என்று எழுதுகிறோம்.

விளம்பர வகுப்புகள் சில, முந்தைய பரீட்சை வினாக்கள் என்று சொல்லி ஒரு கோப்பையும் கொடுப்பதாக அறிகிறேன். உண்மையான பரீட்சை வினாக்களை வெளியிடுவதும் பயன்படுத்துவதும் நிறுவகத்தின் இரகசியக் காப்பு விதிகளுக்கு முரணானது. பொறுப்பு, மதிப்பு, நீதி, நேர்மை என்ற நான்கும்தான் அதன் ஒழுக்கக் கோவையின் அடித்தளம். அவற்றைப் பற்றிய வினாவுக்குத் திருட்டுக் கோப்பிலிருந்து விடை மனனம் செய்வது எத்தகைய வேடிக்கை என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும். அவற்றில் தரப்பட்டுள்ள விடைகள் பல பிழையானவை என்பது வேறு விடயம்.

இனி, எல்லாவற்றிலும் கடினமான பகுதி. பரீட்சைக்கு முன்பே பலர் கைவிடுவது விண்ணப்பப் படிவத்தின் முன்னால்தான். நான் மேலே குறிப்பிட்ட 2021 பரீட்சைக்கான ஒழுங்கின்படி, பட்டதாரி ஒருவர் கடந்த எட்டு ஆண்டுகளுக்குள் செயற்றிட்டங்களை வழிநடத்திய 36 மாத அனுபவத்தைக் காட்ட வேண்டும். பட்டம் இல்லாதவர் 60 மாத அனுபவத்தைக் காட்ட வேண்டும். பதவியின் பெயர் முகாமையாளர் என்று இருக்க வேண்டுமென்பதில்லை. செய்த வேலையே கணக்கில் எடுக்கப்படும். ஒரே காலத்தில் இரண்டு திட்டங்களைப் பார்த்திருந்தாலும் அந்த மாதங்கள் ஒருமுறைதான் எண்ணப்படும். ஒவ்வொரு திட்டத்துக்கும் அதன் நோக்கம், தன் பங்கு, கிடைத்த விளைவு ஆகியவற்றைச் சுருக்கமாக எழுத வேண்டும். விண்ணப்பங்களில் சில எழுந்தமானமாகத் தெரிவுசெய்யப்பட்டுக் கணக்காய்வுக்கு உட்படும். அப்போது கல்விச் சான்றுகளையும், திட்டத்தை அறிந்த மேலதிகாரியோ உடன் பணிபுரிந்தவரோ உறுதிப்படுத்திய ஆவணங்களையும் 90 நாட்களுக்குள் சமர்ப்பிக்க வேண்டும்.

இந்த நிபந்தனைகள் திருகோணமலைக்கு எப்படிப் பொருந்துகின்றன என்று பாருங்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வீடு கட்டியும், 2009 க்குப் பின் மீள்குடியேற்றக் கிராமங்களில் கிணறும் பாடசாலையும் அமைத்தும், பெரிய அளவில் வேலை கற்ற ஒரு தலைமுறை இங்கு இருக்கிறது. அவர்களுடைய மிகச் சிறந்த ஆண்டுகள் இன்று காலவரம்புக்கு வெளியே போய்விட்டன. அதற்குப் பின் வந்தவர்களோ ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று புதுப்பிக்கப்படும் ஒப்பந்தங்களில் வேலை செய்கிறார்கள். திட்டம் முடிந்தவுடன் அலுவலகம் மூடப்படுகிறது. பொறுப்பாக இருந்தவர் கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ இருக்கிறார். கையில் மிஞ்சுவது, இன்னார் இத்திகதி முதல் இத்திகதி வரை எம்மிடம் பணிபுரிந்தார், நன்னடத்தை உள்ளவர் என்ற மூன்று வரிக் கடிதம். அவர் எந்தத் திட்டத்தை நடத்தினார், எத்தனை பேரை வழிநடத்தினார், எவ்வளவு தொகைக்குப் பொறுப்பாயிருந்தார் என்பது எதுவும் அதில் இராது. எனவே நம் மாவட்டத்தில் திட்டங்களை நடத்தும் அரச, அரச சார்பற்ற நிறுவனங்கள் யாவும், ஒரு பணியாளர் விலகும்போது திட்டத்தின் பெயர், காலம், அவருடைய பொறுப்பு ஆகியவற்றைக் குறிப்பிடும் ஒரு பக்க அனுபவக் கடிதத்தை வழங்கும் வழக்கத்தை ஏற்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்குச் சுற்றறிக்கையும் தேவையில்லை, நிதியும் தேவையில்லை. பணியாளர்களும் திட்டம் முடிந்த பின்னர் தேடாமல், நடக்கும்போதே மாதந்தோறும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

இன்னும் அனுபவம் சேராத இளையவர்களுக்கு அதே நிறுவகத்தின் சி.ஏ.பி.எம். என்ற தொடக்கநிலைச் சான்றிதழ் உண்டு; அதற்கு வேலை அனுபவம் கேட்பதில்லை. அதைப் பெற்றவர் பின்னர் பி.எம்.பி.க்கு விண்ணப்பிக்கும்போது அனுபவத்தோடு சேர்த்துக் கேட்கப்படும் 35 மணிநேரச் செயற்றிட்ட முகாமைத்துவ வகுப்பு நிபந்தனையும் நிறைவேறியதாகக் கொள்ளப்படும். ஏனையோருக்கும் அந்த 35 மணிநேரத்தைப் பெற விளம்பர வகுப்புகள் மட்டுமே வழியன்று. பல்கலைக்கழகப் பாடநெறி, தொழில்வழங்குநர் நடத்தும் பயிற்சி, முடிவில் மதிப்பீடு உள்ள இணையவழிப் பாடநெறி ஆகியவையும் ஏற்கப்படும். பரீட்சைக் கட்டணமே பல நூறு டொலர். இன்றைய நாணய மாற்று விகிதத்தில் அது ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும்போது, வகுப்புக்கும் அதேயளவு கொடுக்குமுன் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

கடைசியாக இடப் பிரச்சினை. பரீட்சையைக் கொழும்பில் உள்ள நிலையத்திலும் எழுதலாம், வீட்டிலிருந்து இணையவழியிலும் எழுதலாம். கொழும்பென்றால் இரவுப் புகையிரதத்தில் போய் அதிகாலையில் கோட்டையில் இறங்கி, தூக்கமில்லாத கண்களோடு நான்கு மணிநேரம் திரையைப் பார்க்க வேண்டும். முந்திய நாளே போவதென்றால் தங்குமிடச் செலவு. பெண்களுக்கு இதில் உள்ள சிரமத்தை விரித்துச் சொல்லத் தேவையில்லை. வீட்டிலென்றால், கமரா முன் தனியறை வேண்டும். இடையில் எவரும் உள்ளே வரக்கூடாது. இணைப்பும் மின்சாரமும் தடைப்படக்கூடாது. மூன்று தலைமுறை ஒன்றாக வாழும் வீட்டில், தெரு முனைக் கோயிலில் திருவிழா ஒலிபெருக்கி கட்டிய வாரத்தில், இந்த நிபந்தனைகளை நிறைவேற்ற ஒருவருக்குச் செயற்றிட்ட முகாமைத்துவத்தில் ஏற்கெனவே சான்றிதழ் இருக்க வேண்டும்!

ஆகவே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம், தொழில்நுட்பக் கல்லூரி, பொது நூலகம் ஆகியவற்றின் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை காலைகளில் ஓர் அறையைத் தந்துதவுங்கள்; முன்பதிவு செய்தவர்கள் இணையவழிப் பரீட்சை எழுதும் நாட்களில், மின்பிறப்பாக்கியும் உறுதியான இணைப்பும் உள்ள ஒரு சிறிய அறையை அரைநாள் பூட்டிக்கொள்ள அனுமதியுங்கள். சனிக்கிழமை அமர்வுகளுக்கு விரிவுரையாளர் தேவையில்லை. வருகிறவர் ஒவ்வொருவரும் தன் வேலைத்தளத்தில் உண்மையில் நடந்த ஒரு நிலைமையை, ஆட்களின் பெயர் நீக்கி, நான்கு விடைகளோடு ஒரு வினாவாக எழுதி வர வேண்டும். மற்றவர்கள் விடை சொல்லி, காரணம் கூறி, வாதிட வேண்டும். போயா விடுமுறை நாளொன்றில் 180 வினாக்களையும், 60 வினாக்களுக்கு ஒருமுறை கிடைக்கும் பத்து நிமிட இடைவேளை உட்பட, ஒரே மூச்சாக இருந்து செய்து பார்க்க வேண்டும். இடைவேளைக்குப் போனபின் முந்தைய வினாக்களுக்குத் திரும்ப முடியாது என்ற விதியை, கட்டணம் கட்டிய நாளில் அல்லாமல் அன்றே பழகிக்கொள்ளலாம். இலங்கையில் இயங்கும் பி.எம்.ஐ. கிளையினரும் தங்கள் அமர்வுகளில் சிலவற்றைக் கொழும்புக்கு வெளியே, இங்கும் நடத்த முன்வர வேண்டும்.

அறை கிடைக்குமானால், சான்றிதழ் பெற்று இவ்வூரில் இருக்கும் எங்களிற் சிலர், வாரம் ஒருவராக வந்து அமர்வை ஒழுங்கு செய்யவும், விண்ணப்பப் படிவங்களை அனுப்புமுன் படித்துப் பார்த்துத் திருத்தம் சொல்லவும் ஆயத்தமாக உள்ளோம். இதற்குக் கட்டணம் எதுவும் பெறமாட்டோம். அறைக்குப் பொறுப்பானவர்கள் இப்பத்தியின் வழியாகவே பதிலளித்தாலும் மகிழ்ச்சியுடன் தொடர்புகொள்வோம்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.